விளக்குக்குப் பின்னால்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். லாரி ஓட்டுகிறவனுக்குத் தூக்கம்தான் பேய். ஆனால் இது பட்டப்பகலில் நடந்தது, நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

அப்பாவின் ஐசியில், அதாவது அடையாள அட்டையில், தகப்பன் பெயர் 'விளக்கு'. கரண்ட் போனால் உன் தாத்தாவைக் கூப்பிடு என்று பள்ளிக்கூடத்தில் என்னைக் கேலி செய்வார்கள். அப்பா பகாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தபோது, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி கோயில் வாசலில் மேசை போட்டுப் பிள்ளைகளைப் பதிந்திருக்கிறார். புருஷன் பேரைக் கேட்டால் பெண்சாதி வாயால் சொல்வாளா? பாட்டி கோயிலுக்குள் கையைக் காட்டினாள். கிராணி கண்ணில் விளக்கு பட்டது, எழுதிவிட்டார். அப்பாவுக்கு இரண்டு வயதாகும் முன்பே பெற்றவர்கள் இருவரும் காய்ச்சலில் போய்விட, சுவா என்ற ஊர்ப் பக்கம் யாரோ எடுத்து வளர்த்தார்கள். அவர்களுக்கு இந்தக் கதை தெரியும், தாத்தா பெயர் தெரியாது. பாட்டிக்கு ஒரு போட்டோகூட இல்லை.

"ஒரு தடவ எங்கப்பன் பேரச் சொல்லிட்டுச் சாகணும்டா" என்பார் அப்பா. சொல்லாமலே போய்விட்டார். கருமாதியில் தாத்தா பெயரும் சொல்ல வேண்டும், விளக்கு என்றெல்லாம் சொல்லக்கூடாது என்று பூசாரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சிரம்பானிலிருந்து காரை எடுத்துக்கொண்டு அந்தத் தோட்டத்துக்குப் போனேன். தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகள் ஒன்றும் இல்லை, ரப்பரை வெட்டிவிட்டு எங்கு பார்த்தாலும் எண்ணெய்க்கான செம்பனை. கோயில் மட்டும் இருந்தது.

வாசலை ஒரு பெண் கூட்டிக்கொண்டிருந்தாள். என் மகள் வயதுகூட இருக்காது. பக்கத்திலிருந்த வாளியிலிருந்து ரப்பர் பால் வாடை வந்தது. அங்கே ரப்பர் மரமே கிடையாது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

"தங்கச்சி, எங்க தாத்தா பேரு தெரியணும்லா. ஐசில விளக்குன்னு போட்டுட்டாங்க."

"கிராணி அப்படியா எழுதிட்டாரு?" என்று சிரித்தாள். "மணியம் வரலயா?"

என் அப்பாவைப் பேர் சொல்லிக் கேட்கிறாளே, மரியாதை தெரியாத பெண் என்று எரிச்சல்தான் வந்தது. நான் அந்தப் பேரைச் சொல்லவே இல்லை என்பது தோன்றவில்லை.

"அப்பா தவறி பத்து நாளாச்சு."

துடைப்பம் நின்றுவிட்டது.

"தாத்தா பேரு தெரிஞ்சா சொல்லும்மா" என்றேன்.

"நான் எப்படி வாயால சொல்றது?"

கையை உள்ளே நீட்டினாள். பார்த்தேன், விளக்கு.

"அதுக்குப் பின்னால பாரு."

பின்னால் கருத்துப்போன வேல் ஒன்று சாத்தியிருந்தது.

"வேலு" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சந்தோஷத்தில் ஒரு நன்றிகூடச் சொல்லாமல் காரை எடுத்துவிட்டேன்.

கருமாதியன்று வேலு என்று வாய் நிறையச் சொன்னேன். அப்பாவுக்காக அழுதேன். பக்கத்தில் இருந்த என் மனைவி, யார் சொன்னது என்று மெதுவாகக் கேட்டாள். ஒரு பெண், வாயால் சொல்லவில்லை, கையைக் காட்டினாள் என்றேன்.

"அடுத்தவ புருஷன் பேரச் சொல்ல அவளுக்கு என்ன தயக்கமாம்?"

கையில் எள்ளும் தண்ணீருமாக அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அதே நேரத்தில் பூசாரி, "பாட்டி பேரு?" என்றார்.

அன்றைக்குக் கோயில் வாசலில் என் எதிரிலேயே நின்றாள். தங்கச்சி என்று கூப்பிட்டேன். பேரைக் கேட்கவில்லை, முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. அப்பா எழுபது வருஷம் ஏங்கிய முகம்.

பிறகு மூன்று தடவை அந்தக் கோயிலுக்குப் போய்வந்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் வாசல் கூட்டியிருக்கிறது. யார் கூட்டுகிறார்கள் என்று தோட்டத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை.