ஜான்ஹவியின் பெயருக்குக் கீழே சிவப்புக் கோடு

தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் மதுசூதனனுக்கு வேலை, கேப்டன்களுக்கு ஆங்கிலத்தில் மெயில் அடிப்பது. பிரவுசரில் ஏதாவது சொல்லுக்குக் கீழே சிவப்பாக நெளிகோடு விழுந்தால் நாமெல்லாம் மவுஸைத் தேடுவோம். அவர் தேடமாட்டார். கர்சரை அந்தச் சொல்லுக்குள் நிறுத்தி, ஷிஃப்ட்டையும் எஃப் பத்தையும் சேர்த்துத் தட்டுவார். ஒரு பட்டியல் விழும். கீழ் அம்புக்குறியால் சரியான சொல்லுக்கு இறங்கி எண்டர் போட்டால் பிழை போயிற்று. சொல் சரிதான், யந்திரத்துக்குத்தான் தெரியவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் இறங்கி 'அகராதியில் சேர்' என்ற வரியில் எண்டர். அப்புறம் அந்தச் சொல்லைப் பற்றி யந்திரம் வாயைத் திறக்காது.

"சாமி கை தட்டச்சு பண்ணுதா, மிருதங்கம் வாசிக்கிதான்னே தெரியமாட்டேங்கு" என்பார் பக்கத்து மேஜைத் தாணுலிங்கம். மதுசூதனன் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார். மனிதர் அப்படி.

அவருக்கு இருந்த ஒரே கவலை மகள் ஜான்ஹவியின் கல்யாணம். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்துகிற பெண்ணுக்கு முப்பது தாண்டிவிட்டது. ஜாதகம் சேர்ந்தால் மனிதர்கள் சேரவில்லை, மனிதர்கள் சேர்ந்தால் ஜாதகம் சேரவில்லை. கடைசியில் ஸ்ரீவைகுண்டத்து ஆதிலக்ஷ்மி மாமியின் பிள்ளை தேசிக்கோடு எல்லாம் கூடிவந்தது. பையன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. இதையும் விட்டால் அவ்வளவுதான் என்று மதுசூதனன் முடிவே கட்டிவிட்டார்.

மாமி மதுசூதனனின் மில்லர்புரம் வீட்டுக்கு வந்தாள். காபி ஆயிற்று. பெண்ணின் விவரத்தை மும்பையில் இருக்கும் தன் அண்ணாவுக்கு மெயிலில் அனுப்பச் சொல்லிப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். மாப்பிள்ளை பெயர், மாமி பெயர், அவாத்துக் குலதெய்வத்தின் பெயர்வரைக்கும் மதுசூதனன் முந்தின நாளே அகராதியில் ஏற்றிவைத்திருந்தார். சம்பந்தி வீட்டுப் பெயருக்குக் கீழே கோடு விழுந்தால் மரியாதையா? பெற்ற மகளின் பெயரைத்தான் மறந்துபோனார்.

"அதென்ன, பொண்ணு பேருக்கு அடியில பாம்பு மாதிரி செவப்பா நெளியறது?"

"ஒண்ணுமில்ல மாமி, மிஷினுக்குப் பேர் தெரியல."

"எங்க மூணு பேரையும் தெரியறது, உங்காத்துப் பொண்ண மட்டும் தெரியலையா? என்னமோ தோஷம்னா இது!"

மதுசூதனன் கர்சரை மகள் பெயருக்குள் நிறுத்தினார். விரல்கள் தாமாகவே ஓடின. ஷிஃப்ட், எஃப் பத்து, கீழே, கீழே, எண்டர். கோடு மாயமாய் மறைந்தது. மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். மறுநாள் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து போன். மாமி தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் பெயரை அடித்துப் பார்த்திருக்கிறாள். கோடு அங்கே இருக்கிறதாம்.

"ஒவ்வொரு மிஷினுக்கும் தனித்தனி அகராதி மாமி" என்று இவர் உண்மையைச் சொன்னார். சொல்லியிருக்கக்கூடாது.

"அப்போ தனித்தனியாத்தான் நிவர்த்தி பண்ணணும்" என்றாள் மாமி.

அன்றிலிருந்து மதுசூதனன் ஊர் சுற்ற ஆரம்பித்தார். பத்திரிகை வைப்பதற்குப் போவதுபோல வெற்றிலை, பழம், கல்கண்டோடு மாமியின் உறவுக்காரர் வீடு ஒவ்வொன்றுக்கும் போய், அவர்கள் கம்ப்யூட்டரில் மகள் பெயரை அடித்து, கோட்டை நீக்கிவிட்டு வந்தார். ராகு காலத்தில் எண்டர் தட்டக்கூடாது என்று மாமியின் உத்தரவு. திருநெல்வேலியில் ஒரு வீட்டில் கீபோர்டுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டார்கள். எஃப் பத்து குங்குமத்தில் ஒட்டிக்கொண்டது. பதற்றத்தில் அம்புக்குறி ஒரு தட்டுக் குறைந்து எண்டர் விழ, ஜான்ஹவி இருந்த இடத்தில் யாரோ ஒரு வெள்ளைக்கார ஆண்பிள்ளையின் பெயர் வந்து உட்கார்ந்தது. அந்த வீட்டு மாமா எழுந்தே நின்றுவிட்டார். நல்லவேளை, கன்ட்ரோலையும் இசட்டையும் தட்டிப் பெண்ணை மீட்டார்.

"அப்பா, இதெல்லாம் பைத்தியக்காரத்தனம்" என்றாள் ஜான்ஹவி.

"தெரியும்மா. கல்யாணம் ஆகணுமோல்லியோ?"

"லீவெல்லாம் இதுக்கே போயிரும் போலுக்கே சாமி, நம்ம ஆபீஸ் கம்ப்யூட்டரையும் ஒரு எட்டுப் பாத்துருங்க" என்றார் தாணுலிங்கம். மதுசூதனன் அதையும் பார்த்துவிட்டார்.

மிச்சம் மாப்பிள்ளையின் கம்ப்யூட்டர் ஒன்றுதான். மைசூர் ரயிலேறிப் பெங்களூரில் இறங்கினார். தேசிக் நல்ல பையன், வாசல்வரை வந்து பையை வாங்கிக்கொண்டான். காபியைக் கொடுத்துவிட்டு, கம்பெனி கொடுத்த லேப்டாப்பைத் திறந்து வைத்தான். மாமி போனில் காத்திருந்தாள்.

மதுசூதனன் மகள் பெயரை அடித்தார். கோடு விழுந்தது. ஷிஃப்ட், எஃப் பத்து, பட்டியல். கீழே இறங்கினார். 'அகராதியில் சேர்' என்ற வரி மட்டும் மங்கலாகக் கிடந்தது. எண்டரைத் தட்டினார், அசையவில்லை.

"அது கம்பெனி லாக் பண்ணி வெச்சிருக்கா மாமா. யாராலயும் சேர்க்க முடியாது" என்றான் தேசிக்.

"அப்போ வேற வேலை தேடிக்கோடா!" என்றது போன்.

"சரிம்மா, பார்க்கறேன்" என்றான் அவன்.

மதுசூதனன் அவனைத் திரும்பிப் பார்த்தார். "மாப்பிள்ளை, இந்தக் கோடு எதுக்கு விழறதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

பையன் போனைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தான். "என்ன மாமா இப்படிக் கேக்கறேள்? எனக்குத் தெரியாதா? சும்மா ஸ்பெல்லிங் பாக்கறது, அவ்வளவுதான்."

"மொத நாளே தெரியுமா?"

"தெரியும்."

"நான் திருநெல்வேலி, மதுரைன்னு வீடுவீடாப் போனது?"

"அம்மா சொன்னா. பாவமா இருந்தது." குரலைத் தாழ்த்தினான். "ஆனா அம்மாகிட்ட யார் மாமா சொல்றது?"

மதுசூதனனுக்கு முதலில் கோபம் வரவில்லை. ஆதிலக்ஷ்மி மாமியாவது அந்தக் கோட்டை நம்பினாள். இவன் நம்பாமலே ஒரு கிழவனை ஊர் ஊராக அலையவிட்டான். நாளைக்கு ஜான்ஹவி உப்புப் போடாமல் சமைத்தாள் என்று மாமி கத்தும்போதும் இவன் உப்பு இருப்பது தெரிந்தே இப்படித்தான் கையால் பொத்திக்கொண்டு சிரிப்பான். அப்போதுதான் கோபம் வந்தது, அதில் பாதி தன்மேல்.

பையனின் கையிலிருந்து போனை வாங்கினார். "மாமி, கோடு போகல. இந்த இடம் வேண்டாம்" என்றார். பதிலுக்கு என்ன வந்ததோ, அதைக் கேட்க அவர் நிற்கவில்லை.

தெருமுனைக்கு வந்துதான் மகளைக் கூப்பிட்டார்.

"என்னப்பா, கோடு போச்சா?"

"கோடு இருக்கும்மா. மாப்பிள்ளையத்தான் வேண்டாம்னுட்டேன். உன்னக் கேக்காமப் பண்ணிட்டேன்."

ஜான்ஹவி கேட்டாள்: "அங்க ஏதாவது சாப்டியாப்பா?"