அப்பாவின் எஞ்சின் சத்தம்

என் மகளுக்குக் காது கூர்மை என்று மூன்று வருடம் ஊரெல்லாம் பெருமையடித்தவள் நான்.

உப்புவெளிக் கரையில், எங்கள் வாசலில் இருந்து பார்த்தால் கடல்தான். விடியுமுன் போகும் என் கணவரின் போட், வெயில் ஏறும் நேரத்தில் திரும்பும். எல்லாப் போட்டிலும் ஒரே மாதிரி எஞ்சின்தான், ஆனால் சத்தம் ஒன்றல்ல. இங்குள்ள பெண்களுக்கு அவரவர் வீட்டு எஞ்சினைத் தெரியும். அது கேட்டவுடன் குசினியில் தேத்தண்ணிக்குக் கேத்திலை வைப்போம். என் மகள் எனக்கும் முந்திவிடுவாள். நடக்கத் தொடங்கியதிலிருந்து, தகப்பனின் போட் கண்ணில் படுமுன்பே சட்டையில்லாமல் கரைக்கு ஓடுவாள். எங்கள் நாயும் கூடவே ஓடும். இரண்டுக்கும் ஒரே காது என்று சொல்லிச் சிரிப்பேன்.

பேச்சு மட்டும் வரவில்லை. இரண்டு வயது கழிந்தும் வரவில்லை. வீடு வீடாக வந்து பிள்ளைகளைப் பார்க்கும் மருத்துவமாது வாசலில் நின்று கேட்டார்.

“கூப்பிட்டால் திரும்புறாவோ?”

“கூப்பிடத் தேவையே இல்லை மிஸ். தகப்பன்ர எஞ்சின் கேட்டாலே ஓடிருவா.”

“அப்ப காது பிழையில்லை” என்று எழுதிக்கொண்டு போனார். என் கணவரும் நாலு வயதில்தான் கதைத்தவராம். அதையும் சொல்லி மனதை ஆற்றிக்கொண்டேன்.

கூப்பிட்டால் அவள் திரும்புவதில்லை என்பதை நான் காணாமல் இல்லை. திமிர் என்று நினைத்தேன். எனக்குப் பொறுமை கிடையாது. ஒருநாள் சோறு ஆறுகிறது என்று ஏழெட்டுத் தரம் கூப்பிட்டுவிட்டு, போய் முதுகில் ஓர் அடி வைத்தேன். திடுக்கிட்டுத் திரும்பினாள். எதற்கு அடி என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த முகத்தை நினைத்தால் இன்றைக்கும் என் கையை எங்கே வைப்பதென்று தெரியாது.

ஆனால் மத்தியானத்தில் நான் தாலாட்டும்போது, என் தொண்டையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டுதான் தூங்குவாள். பாட்டை நிறுத்தினால் கண்ணைத் திறந்து தொண்டையைத் தட்டுவாள். பிள்ளை வளர்த்து நான் கண்ட சந்தோஷம் அந்தக் கைதான்.

போன ஆவணியில் நாய் பஸ்ஸில் அடிபட்டுச் செத்தது. மறுநாள் எஞ்சின் சத்தம் கேட்டதும் கேத்திலை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். மகள் கடலுக்கு முதுகைக் காட்டியபடி வாசலில் இருந்து, சிரட்டையில் மண் நிரப்பிக்கொண்டிருந்தாள். சத்தம் கிட்ட வந்தது. போட் மணலில் ஏறியது. அவள் அசையவில்லை. கூப்பிட்டேன். கத்தினேன். கேத்தில் மூடியை அவளுக்குப் பின்னால் சீமெந்துத் தரையில் எறிந்தேன். அவள் சிரட்டையைக் கவிழ்த்து அடியில் தட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் ஒருநாளும் எஞ்சினைக் கேட்டு ஓடவில்லை. நாய் எழும்பினால் எழும்பினாள், நாய் ஓடினால் ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் சோதனைகள் எல்லாம் முடிந்தபிறகு டாக்டர் கேட்டார். “இவ்வளவு நாளும் ஏன் விட்டு வச்சிருந்தனீங்கள்?” காது நரம்பே வேலை செய்யவில்லையாம். கருவி போட்டாலும் பெரிதாகப் பலன் இராதாம். கைப்பாஷையையாவது அப்போதே பழக்கத் தொடங்கியிருக்கலாம் என்றார். மூன்று வருடமாக என் பிள்ளை ஒரு மொழியும் இல்லாமல் இருந்திருக்கிறாள். பசியையும் பயத்தையும் யாரிடமும் சொல்ல வழியில்லாமல் இருந்திருக்கிறாள். நான் பெருமையடித்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் மடியில் தூங்கினாள். கை என் தொண்டையில் இருந்தது. பாட்டை அங்கேதான் தேடியிருக்கிறாள். எனக்குப் பாட வரவில்லை.

கணவர் நம்பவில்லை. “நாய் செத்த கவலை பிள்ளைக்கு. என்ர எஞ்சின் சத்தம் அவளுக்குக் கேக்கும்” என்றார். என் வாயாலேயே மூன்று வருடம் சொன்னதை எப்படி மறுப்பது?

அவர் போட்டிலிருந்து இறங்கியதும், மகள் ஓடி வருகிறாளா என்று வாசலைத்தான் பார்ப்பார். அதனால் எஞ்சின் கேட்டவுடன் இப்போது நான் எழும்பி ஓடுகிறேன். என்னைக் கண்டு அவளும் எழும்புகிறாள். பாதி வழியில் என்னை முந்திக்கொண்டு போய் அவருடைய ஈரக் கால்களைக் கட்டிப்பிடிக்கிறாள். அவர் தூக்கிவைத்துக் கேட்கிறார். “அப்பான்ர சத்தம் கேட்டதோ, செல்லம்?”

அவள் அவருடைய வாயைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

“ஓம்” என்கிறேன் நான். “கேட்டுத்தான் ஓடி வந்தவள்.”