மதுரைக்கார வெள்ளைக்காரர்

அந்தமானில், பாராடாங் படகுத்துறையில் அவரைப் பார்த்தேன். வெயிலில் சிவந்த முகம், கட்டம்போட்ட கைலி, தோளில் துண்டு. மதுரையில் பதினைந்து வருடமாகக் குடியிருக்கும் வெள்ளைக்காரர். அவருக்கு இந்தி தெரியாது. பர்மிட் கேட்ட போலீஸ்காரருக்குத் தமிழோ இங்கிலீஷோ தெரியாது. நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன். படகு கிளம்ப இருந்தது.

"ஜல்தி எடுங்க சார், போட் போயிரும்!"

"ஜல்தி இல்லண்ணே, சீக்கிரம்," என்று என்னைத் திருத்திவிட்டு, பையை நிதானமாகத் துழாவினார். ஒருவழியாகப் பர்மிட் கிடைத்து, ஓடிப்போய் ஏறினோம்.

படகில், "உங்களுக்கு எந்த ஊருண்ணே?" என்றார்.

"பொறந்தது சிலோன் தோட்டத்துல. பொறகு நிக்கோபார்ல கட்சால் தீவு. சுனாமிக்குப் பொறகு போர்ட் பிளேர். தாத்தாவுக்கு மதுரப் பக்கமாம், நான் பார்த்ததில்ல."

அவர் முகம் வாடிவிட்டது. "வாங்கண்ணே ஒரு தடவ. நம்ம ஊர நான் சுத்திக் காட்டுறேன்."

நிஜமாகவேதான் கூப்பிட்டார். முகவரியை அழகான தமிழில் எழுதியும் கொடுத்தார். இந்திப் பள்ளியில் படித்த எனக்கு அப்போது இந்தி மட்டுமே படிக்கத் தெரியும். அதைச் சொல்ல வெட்கப்பட்டு, படித்தவன்போலத் தலையாட்டி, சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.