வெயிலுகந்தம்மாளின் ஐம்பது சென்ட்

தன்னைப் பார்த்து ஒருவர் சிரித்ததற்காக இக்ரா நன்றி சொல்வதென்றால், அது வெயிலுகந்தம்மாளுக்குத்தான்.

கோவில்பட்டியில் உரமும் பூச்சிமருந்தும் விற்கும் முகம்மது இஸ்மாயிலின் மூத்த மகள் இக்ரா. பிறவியிலேயே பார்வை கிடையாது; கணிதத்தில் பட்டம் வாங்கியவள். கடைக் கணினியில், எழுத்தாலேயே கட்டளையிடும் கமாண்ட் லைனைத் திறந்து, கணக்கை ஒரே வரியாகத் தட்டி என்டர் அடிப்பாள். அங்கே படமில்லை, பட்டனில்லை, எழுத்தும் எண்ணும்தான். ஆகவே திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்று விடாமல் வாசித்துவிடும். மேல் அம்புக்குறியை அழுத்தினால், முன்பு போட்ட கணக்கே முழுசாகத் திரும்பி வரும்.

மருந்தளவு சொல்லும் வேலைக்கு அவளை உட்கார வைத்த அன்றே இஸ்மாயில் சொல்லிவிட்டார்: "ஒரு அளவு தப்பாப் போச்சுன்னா, கண்ணு தெரியாத புள்ளைய உக்கார வச்சான் பாருன்னு சொல்லுவாங்க. அப்புறம் ஒன்னைய இங்கன வைக்க எனக்குத் தெம்பு கிடையாது."

ஐப்பசி மழை ஓய்ந்த காலை. மக்காச்சோளம் விதைத்தவர்களுக்குக் களைக்கொல்லி வாங்க அவசரம். களை முளைக்குமுன், மண் ஈரமாக இருக்கும்போதே அடிக்கிற மருந்து அது. ஈரம் காய்ந்தால் பிறகு கையால்தான் களை எடுக்க வேண்டும். அதற்கு ஆள் கிடைப்பதில்லை.

முதல் ஆளாக வந்தவர் எப்போதும்வென்றான் ஊர்க்காரர் திருப்பதி. "இருநூத்தி அறுபத்தஞ்சு சென்ட்" என்றார். ஏக்கருக்கு இருநூறு மில்லி மருந்து. எல்லோரும் நிலத்தைத்தான் முதலில் சொல்வார்கள். இக்ராவும் அதே வரிசையில் தட்டுவாள். சென்ட்டை நூறால் வகுத்து, இருநூறால் பெருக்கினாள்.

"நானூறு" என்றது கணினி. திருப்பதி லிட்டர் பாட்டிலை வாங்கிக்கொண்டு பைக்கில் கிளம்பிவிட்டார்.

அதன்பின் வந்தவர்கள் உர மூட்டைக்காரர்கள். அளவு கேட்டு அடுத்து வந்தது அதே ஊர் வெயிலுகந்தம்மாள். ஐம்பது சென்ட்.

"பூஜ்யம்" என்றது கணினி.

மாற்றித் தட்டிவிட்டோம் என்று நினைத்து, இக்ரா வரியை அழிக்கப் போனாள். அதற்குள் வெயிலுகந்தம்மாள் சிரிக்கத் தொடங்கிவிட்டாள்.

"ஏட்டி, எம் மாமனார் தந்த காட்ட ஒரே தட்டுல இல்லாம ஆக்கிட்டியே. பட்டா மாத்த நான் தாலுகா ஆபீசுக்கு நடையா நடந்தேன். நீ உக்காந்த இடத்துலயே முடிச்சிட்ட."

கடையே சிரித்தது. இக்ராவின் கை மட்டும் நின்றுவிட்டது. காடு இல்லாமல் போயிற்று. மருந்தல்ல, காடு: பெருக்குமுன், நிலத்தை வகுக்கும்போதே பூஜ்யமாகிவிட்டது.

முந்தின நாள்தான் தம்பி ஹாரூன் புதுக் கணினி மாட்டியிருந்தான். தசமப் புள்ளிக்குப் பிறகு எத்தனை இலக்கம் வேண்டும் என்று சொல்லாவிட்டால், அந்தக் கணக்கு நிரல் வகுத்த மிச்சத்தை உதிர்த்துவிடும். பழைய கணினியில் அதைச் சொல்லிச் சேமித்து வைத்திருந்தாள். புதியதில் சொல்ல மறந்துபோனாள். அரை ஏக்கர் பூஜ்யமானால், திருப்பதியின் கணக்கு?

மேல் அம்புக்குறியை அழுத்திக் கேட்டாள். இரண்டு ஏக்கரை வைத்துக்கொண்டு அறுபத்தைந்து சென்ட்டை உதிர்த்திருந்தது. வந்திருக்க வேண்டியது ஐந்நூற்று முப்பது.

"அத்தா, திருப்பதி அண்ணாச்சிக்குத் தப்பாச் சொல்லிட்டேன்."

இஸ்மாயில் உடனே கடைப் போனை எடுத்து அழைத்தார். திருப்பதியின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. வெயிலுகந்தம்மாள் தன் போனில் திருப்பதியின் மனைவியைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி வனிதா, ஒம் வீட்டுக்காரவிய எங்கன? காட்டுலயா? மருந்த அடிக்காண்டாம்னு ஓடிப்போய்ச் சொல்லு. சீல மாத்திட்டெல்லாம் போகாண்டாம், அப்படியே போ."

கொஞ்ச நேரத்தில் திருப்பதியே கடைக்குக் கூப்பிட்டார்; இக்ரா எடுத்தாள். "டிரம்முல கலக்கியாச்சு, அடிக்கல. என்னம்மா?"

"அளவு தப்பு அண்ணாச்சி. இன்னும் நூத்தி முப்பது ஊத்தணும். நான் பண்ணுன தப்புதான்."

மன்னிப்புக் கேட்க இஸ்மாயில் போனுக்குக் கை நீட்டினார்.

"சரி, ஊத்துதேன்" என்றார் திருப்பதி. "பக்கத்துல எந்தம்பி காடு தொண்ணூத்தி ரெண்டு சென்ட்டு. அவன் வெளியூர்ல கெடக்கான், நான்தான் அடிக்கணும். அதுக்கும் நீயே போட்டுச் சொல்லு."

இஸ்மாயில் கையை இழுத்துக்கொண்டார். இக்ரா புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் என்று முதலில் தட்டிவிட்டு, பிறகு கணக்கைத் தட்டினாள்.

"நூத்தி எம்பத்தி நாலு அண்ணாச்சி."

போனை வைத்ததும் வெயிலுகந்தம்மாள் நின்ற பக்கம் திரும்பினாள். "நீங்க காடு போச்சுன்னு சிரிக்கலன்னா எனக்குப் பிடிபட்டிருக்காதுக்கா. ரொம்ப நன்றி."

"நன்றி கெடக்கட்டும். எனக்கு எவ்வளவுன்னு சொல்லு, பஸ்ஸு போயிரும்."

"நூறு மில்லி."

அடுத்து வந்தவர் கல்லாவுக்கு நேரே போய் மருந்தளவு கேட்டார்.

"அங்கன மகள்ட்ட கேளுங்க" என்றார் இஸ்மாயில்.