தண்ணீர் கேட்காத தேரி எலி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். சபையில் சாட்சி சொல்லும்போது ஆண்டவர் செய்ததைச் சொல்லலாம். அதற்குள் ஓர் எலியைக் கொண்டுவந்தால் சிரிப்பார்கள். எனக்குப் படிப்பும் அதிகம் கிடையாது. ஆனாலும் என் மகளின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்த எலியும் கூடவே நினைவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

எழுபதுகளில், தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் எழும்பிக்கொண்டிருந்த காலம். நாங்கள் ஆறுமுகநேரியில் இருந்தோம். வீட்டுக்குக் கிழக்கே நான் வேலை பார்த்த உப்பளம். மேற்கே போனால் தேரி, கண்ணுக்கெட்டிய மட்டும் செம்மணல். மத்தியானத்தில் அளத்துப் பாத்திகளில் வானம் இறங்கிக் கிடக்கும். வரப்பில் நடந்தால் மேகத்துக்கு நடுவே நடப்பதுபோல் இருக்கும். மேல்காற்று எழும்பினால் வெள்ளை உப்புக் குவியல்மேல் தேரியின் சிவப்புத் தூள் வந்து படியும். கடல் எங்கே முடிகிறது, பாலைவனம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது.

அந்த வருஷம் என் சிறுமகளுக்குத் தொண்டைப் புண் வந்து ஆறியது. பிறகு முகம் வீங்கிற்று. விடிந்தால் கண்ணைத் திறக்க முடியாது. டாக்டர் கிட்னியில் கோளாறு என்று மருந்து கொடுத்தார். உப்பு ஒரு கல்கூடக் கூடாது, வீக்கம் வடியாவிட்டால் பிள்ளைக்கு ஆபத்து என்றார். என் மனைவி உப்புப் பானையை அடுப்பங்கரையிலிருந்தே எடுத்துப்போட்டாள். குழம்பு இறங்காமல் பிள்ளை அழுதது. கஞ்சியை மட்டும் முகம் சுளிக்காமல் குடித்தது. எங்கள் தெருவில் கஞ்சிக்கு யாருமே உப்புப் போடுவதில்லை. அதனால் அது பழகின ருசி.

முழங்காலில் நின்று ஜெபித்தோம். வீக்கம் வடியவில்லை.

வீட்டு முன்னறையில் அப்போது ஒரு தம்பி வாடகைக்கு இருந்தார். காலேஜில் விலங்குகளைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பவர். தேரியில் வெள்ளெலி பிடித்துக் கம்பிக் கூண்டுகளில் வைத்திருந்தார். பகலெல்லாம் அவை சுருண்டு தூங்கும். பொழுது சாய்ந்ததும் பெரிய கண்ணை விழித்து, வாலைத் தூக்கிக்கொண்டு ஓடும். மகளுக்கு அதுதான் பொழுதுபோக்கு. ஒரு சாயங்காலம் அவள் கூண்டருகே இருந்தாள். மனைவி கஞ்சிச் சட்டியோடு அங்கே வந்தாள்.

“ஏன் தம்பி, காஞ்ச கம்பையே போடுதீரே. ஒரு வாய் தண்ணி வச்சா என்ன? வாயில்லா ஜீவன்லா?”

“அது தண்ணி கேக்காது அக்கா. கம்பு செரிக்கையில உடம்புல ஊறுற ஈரமே அதுக்குப் போதும். வெளியே போற தண்ணியையும் கிட்னி திரும்ப உறிஞ்சிக்கிடும். ஒண்ணுக்குப் போனா ஒரு சொட்டு, பாகு மாதிரி.”

“அப்படிப் பிள்ளை பெத்தா துணி அலசுற வேலை மிச்சம்.”

“ஆண்டவர் குடுத்த வரம்” என்றேன் நான்.

“இருக்கட்டும் அண்ணாச்சி. ஆனா ஒரே நாள்ல குடுக்கல. தண்ணி இல்லாம தாங்காத எலியெல்லாம் குட்டி போடுமுன்ன செத்துப்போச்சு. ஏதோ ஒண்ணு ரெண்டுக்குப் பிறவியிலேயே கிட்னி கெட்டிக்காரக் கிட்னியா அமைஞ்சிருக்கும். அது பிழைச்சது. அதோட குட்டி, குட்டிக்குக் குட்டின்னு அந்தக் குணம் வம்சத்துல இறங்கிட்டு.”

மகள் ஒரு கூண்டைக் காட்டினாள். “இங்கன மட்டும் தண்ணி இருக்கே?”

“அது உப்புத் தண்ணி பாப்பா. உப்பை எவ்வளவு தாங்குதுன்னு பாக்கேன். குடிச்சிட்டு ஜோரா ஓடுது.”

“அளத்துல போய் எடுத்தீரோ?” என்றாள் மனைவி.

“எதுக்கு? உங்க கிணறு இருக்குல்லா.”

மனைவிக்கு வந்ததே கோபம். “எங்க கிணத்துத் தண்ணி உமக்கு எலிக்கு வைக்கிற உப்புத் தண்ணியா? தலைமுறையா குடிக்கோம். இதுல கஞ்சி வச்சா உப்புக்கல்லே வேண்டாம், தெரியுமா...”

பேச்சு அப்படியே நின்றது. கையிலிருந்த கஞ்சிச் சட்டியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். கூண்டுக்குள் எலி மட்டும் நக்கி நக்கிக் குடித்துக்கொண்டிருந்தது.

சட்டியைக் கீழே வைத்துவிட்டு மெல்லக் கேட்டாள். “தலைமுறையா குடிக்கோமே தம்பி. எங்க வம்சத்துல ஏன் அந்தக் குணம் இறங்கல?”

“எலிக்குத் தலைமுறை சீக்கிரம் வந்து போயிரும், அக்கா. அதுக்கு எத்தனையோ வம்சம் ஆயிருக்கு. அதுவும் போக, அதுக்கு வேற வழியில்ல. நமக்கு வேற எடத்துத் தண்ணியைச் சுமக்கக் கை இருக்கு.”

மறுநாள் டாக்டரிடம் கிணற்றுத் தண்ணீரைப் பற்றிச் சொன்னோம். தண்ணீரையும் மாற்றுங்கள், மருந்தையும் விடாதீர்கள் என்றார். அன்று முதல் விடியுமுன் சைக்கிளில் இரண்டு குடம் கட்டி ஆத்தூர் போய் ஆற்றுத் தண்ணீர் கொண்டுவந்தேன். வாழைத் தோட்டங்களின் பனிக்குள் போவதும், வெள்ளை உப்புக்குள் திரும்பி வருவதும் இன்றும் கனவில் வருகிறது. குடம் தளும்பி முதுகை நனைக்கும். அந்த ஈரத்தோடுதான் ஜெபித்துக்கொண்டு மிதிப்பேன்.

வீக்கம் ஒரே நாளில் இறங்கவில்லை. ஒரு காலை நான் குடத்தை இறக்கும்போது மகள் தானாகக் கண்ணைத் திறந்து, “அப்பா, ஒங்க சட்டை நனைஞ்சிருக்கு” என்றாள். மனைவி ஓடிவந்து கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு முன்னறைக்குப் போய், “தம்பி, அதுகளுக்குக் கம்பு கூடக் கொஞ்சம் போடும்” என்றாள்.

இதை நான் முன்பு வாயால் சொன்னபோது, கேட்டவர்களில் சிலர் எலியை விட்டுவிட்டு ஜெபத்தை மட்டும் சொன்னார்கள். சிலர் ஜெபத்தை விட்டுவிட்டார்கள். வாசிக்கிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன், உப்புத் தண்ணீர் குடிக்கிற வீடு எதுவானாலும் இதைச் சொல்லுங்கள். எலி, கிணறு, மருந்து, ஜெபம், குடம் எல்லாம் இருந்தபடியே இருக்கட்டும். ஒன்றையும் கூட்டாமல், குறைக்காமல் சொல்லுங்கள்.