சத்தம் பத்தாத அருவி

ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் வீட்டுப் பின்பக்கம், பட்டர் ஃப்ரூட் மரத்தடியில், ஒரு சின்னக் குளமும் கல் அடுக்கிய ஓர் அருவியும் இருந்தன. அருவி என்பது எங்கள் பெருமைக்குச் சொல்வது. நாலாம் வகுப்பு படித்த என்னைவிடக் கொஞ்சம் உயரம், அவ்வளவுதான். ஆனால் மண்ணுக்குள் புதைந்திருந்த பழைய இரும்புக் குழாய் துருவேறிப் போயிருந்ததால் காற்றும் தண்ணீரும் முட்டி மோதிக்கொண்டு வந்து, ஊரைக் கூட்டுகிற இரைச்சல் போட்டது. சாயங்கால வெயில் இலைகளுக்கு நடுவே இறங்கும்போது அந்த இரைச்சலுக்குள் உட்கார்ந்திருந்தால் கண் திறந்தபடியே தூங்கிவிடலாம். மீன்களைப் பார்த்துக்கொண்டு நான் பல நாள் அப்படிப் பாதி உறக்கத்தில் கிடந்திருக்கிறேன்.

அக்கா அங்கே வந்தது வேறு காரியத்துக்கு. எங்கள் பழைய வீட்டில் ஓர் அறையில் முணுமுணுத்தால் அடுத்த அறையில் கேட்கும். அதனால் ஆபீஸ் விட்டு வந்ததும் குளத்தோரக் கல்லில் உட்கார்ந்து போனில் ஒருவரோடு பேசுவாள். அவர் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். எங்கள் கிறிஸ்தவச் சபை இல்லை; எந்தச் சபையும் இல்லை. கோயிலுக்குப் போகிற குடும்பம். இது எனக்கு மட்டும் தெரியும். அந்த வருடம்தான் அப்பா அக்காவுக்கு மும்முரமாக மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தார். கூப்பிடு தூரத்தில் பின் வராந்தாவில் பேப்பர் படிக்கும் அவர் காதில் ஒரு வார்த்தையும் விழாமல் காப்பாற்றி வந்தது அந்தத் துருப்பிடித்த குழாய்.

ஒரு நாள் அருவி நின்றுபோனது. குளத்தையே மூடிவிடலாம் என்றார் அப்பா. அக்கா சாப்பிட மாட்டேன் என்று படுத்துக்கொண்டாள். மகளுக்குத் தோட்டத்தின்மேல் இவ்வளவு பாசமா என்று அப்பா உருகிப்போய், குழாயை மாற்றச் சம்மதித்தார்.

ஆனேக்கலிலிருந்து பிளம்பர் வந்தார். தோண்டிப் பார்த்தால் பழைய குழாய்க்குள் பட்டர் ஃப்ரூட் வேர் குடியேறியிருந்தது. அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அகலமான பிளாஸ்டிக் குழாய் பதித்தார். புது மோட்டார் வைத்தார். தண்ணீர் சமமாக வழிய உச்சியில் ஒரு தட்டும் பொருத்தினார்.

“சுவிட்ச் போடுங்க சார். சத்தமே வராது, பாருங்க.”

வரவில்லைதான். தண்ணீர் வெள்ளைத் துணியை விரித்ததுபோல இறங்கி, ஓசையில்லாமல் குளத்தில் கலந்தது. தோட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றமாதிரி இருந்தது. அப்பா எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். அக்கா மட்டும் உள்ளே போய்விட்டாள்.

சில நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு சாயங்காலம், அப்பா பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு வராந்தாவில் தூங்குவதைப் பார்த்துவிட்டுக் குளத்தோரம் போய் போனை எடுத்தாள். தாழ்ந்த குரலில்தான் பேசினாள். ஆனால் அப்பாவின் காலடியில் படியில் உட்கார்ந்திருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

“அப்பா திட்டுவார்னு பயம் இல்லப்பா. திட்டினா வாங்கிக்குவேன். சொன்ன உடனே அவர் மூஞ்சி வாடிப் போயிடும் பாரு, அதத்தான் என்னால பாக்க முடியாது. உன்னையும் விட முடியல. நான் என்ன செய்ய?”

அப்பாவின் மூச்சுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்த பேப்பர் சட்டென்று அசையாமல் நின்றது. இதோ எழுந்து கத்தப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் எழவில்லை. சாப்பிடும்போதும் ஒன்றும் கேட்கவில்லை. அக்கா தட்டில் மட்டும் இன்னொரு மீன் துண்டை எடுத்து வைத்தார். தப்பித்தோம், அவர் காதில் விழவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அக்கா ஆபீஸ் போனதும் அப்பா பிளம்பரைத் திரும்ப வரவழைத்தார்.

“சத்தம் பத்தலப்பா.”

“எல்லாரும் சத்தம் வேணாம்னுதானே சார் கேப்பாங்க?” பிளம்பரின் குரலில் மனத்தாங்கல் தெரிந்தது.

“மீனுக்குக் காத்து பத்தல. தண்ணி நல்லா அடிச்சு விழணும்.”

தட்டு கழன்றது. தண்ணீர் விழும் இடத்தில் கற்கள் ஏறின. அப்பா என்னை அக்கா உட்காரும் கல்லில் உட்காரவைத்து, பதிமூன்றாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னார். தான் வராந்தாவில் போய் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். ஏழாம் வரியில் தடுமாறினேன்.

“தொண்ணூத்தொண்ணு!” என்று அங்கிருந்தே திருத்தினார். பிறகு பிளம்பரைப் பார்த்து, “கேக்குதுப்பா. இன்னும் ஏத்து” என்றார்.

கற்கள் ஏற ஏற நான் திரும்பத் திரும்ப வாய்ப்பாடு சொன்னேன். கடைசியில் தண்ணீர் ஓவென்று விழுந்தது; என் குரல் எனக்கே கேட்கவில்லை. வேண்டுமென்றே, பதிமூன்று எட்டு முந்நூறு என்று கத்தினேன். ஒரு கணக்குத் தப்பையும் விடாத அப்பா கண்ணை மூடிக்கொண்டு நிம்மதியாகத் தலையாட்டினார். போதும் என்று பிளம்பருக்குக் கையைக் காட்டினார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்தில் அக்கா பேசியதும் கேட்கவில்லை, நான் கத்தியதும் கேட்கவில்லை. அப்பாவின் காது மந்தமாகிக்கொண்டு வருகிறது என்று முடிவுகட்டினேன். அன்றைய குடும்ப ஜெபத்தில் என் முறை வந்தபோது, ஆண்டவரே, எங்கள் அப்பாவுக்கு நன்றாகக் காது கேட்கப் பண்ணும் என்று மனமுருகி வேண்டிக்கொண்டேன். எல்லாருக்கும் முந்திக்கொண்டு ஆமென் சொன்னவர் அப்பாதான்.