நாயிடம் சொன்ன சேதி

எண்பதுகளின் தொடக்கத்தில் ஜவ்வாது மலைக் கிராமம் ஒன்றில் அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்தேன். நாற்பதைத் தாண்டிய வயது. என்னிடம் ஒரு பழைய அம்பாசிடர் கார் இருந்தது. பலபேரிடம் உழைத்து ஓய்ந்தபின் என்னிடம் வந்து சேர்ந்த வண்டி. வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய ஸ்பிரிங்குகள்தான் அதன் பின்பாரத்தைத் தாங்கின. மலைச் சாலையில் ஓடி ஓடி அவை தொய்ந்து தட்டையாகிவிட்டன. கார் எந்நேரமும் வானத்தைப் பார்த்தபடியே போகும்.

அந்த நிலையில் மலை இறக்கினால், பட்டை முறிந்து நானும் காரும் சாலையைவிடக் குறுக்கான வழியில் அடிவாரத்து ஆலங்காயம் போய்ச் சேர்ந்துவிடுவோம் என்று பட்டது. வேறு ஸ்பிரிங்குகளை வாங்கி பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு வந்து, வீட்டு வாசலிலேயே மாற்றுவது என்று முடிவு செய்தேன். செய்முறை விளக்கும் புத்தகம் ஒன்று இருந்தது. புத்தகத்தில் இருப்பதெல்லாம் கையிலும் இருக்கும் என்று நம்புகிற சாதி நான்.

இங்கே பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சாமை பயிரிடும் விவசாயி, என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். அவருடைய புளியமரத்துக் கிளை ஒன்று என் ஓட்டின்மேல் உரசிக்கொண்டிருந்தது. வெட்டச் சொன்னேன். காய்க்கிற மரத்தில் கத்தி வைக்க மாட்டேன் என்றார். நான் ஒன்று சொல்ல, அவர் ஒன்று சொல்ல, இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

ஆனால் மலையில் அடுத்தடுத்த வீட்டில் இருந்துகொண்டு அடியோடு பேசாமலும் இருக்க முடியாது. அதற்கு ஒரு வழி வைத்திருந்தோம். அவர் சேதியைத் தன் மாட்டிடம் சொல்வார். நான் எங்கள் நாயிடம். “இன்னிக்கி பஸ்ஸு வராதாமே, தெரியுமாடி?” என்று வேலிக்கு அந்தப் பக்கம் மாட்டைக் கேட்பார். நான் பையை உள்ளே வைத்துவிடுவேன். “ராத்திரி பன்னி வந்து காட்டைக் கிளறிச்சுடா” என்று நாயிடம் சொல்வேன். அவர் காவலுக்குப் போவார். நேராகக் கூப்பிடுகிறவன் தோற்றவன் என்பது சட்டம். யாரும் எழுதாத இந்தச் சட்டத்தை இருவரும் ஒழுங்காகக் கடைப்பிடித்தோம்.

சனிக்கிழமை ஒருபக்க ஸ்பிரிங்கை மாற்றிவிட்டேன். அந்தத் திமிரில் மறுநாள் சர்ச் ஆராதனைக்குக்கூடப் போகவில்லை. என் மனைவி மட்டும் காலை பஸ்ஸில் ஆலங்காயம் போனாள்.

காரின் பின்பக்கத்தைத் தூக்கி, சக்கரங்களைக் கழற்றி, அடிச்சட்டத்துக்கு இருபுறமும் கல் அடுக்கி நிறுத்தியிருந்தேன். புத்தகத்துப் படத்தில் இருந்தது சிமென்ட் தரை. என் வாசல் மழையில் ஊறிய செம்மண். இந்த வித்தியாசத்தை நான் கவனிக்கவில்லை, கல் கவனித்தது. துருவேறிய ஒரு போல்ட்டை அடியில் படுத்துக்கொண்டு சுத்தியலால் அடித்தேன். அடிக்க அடிக்க ஒருபக்கத்துக் கல் மண்ணுக்குள் இறங்கிச் சாய்ந்தது. கார் என்மேல் வந்து உட்கார்ந்தது.

முந்தின நாள் கழற்றிப் போட்டிருந்த பழைய ஸ்பிரிங் கட்டு பக்கத்திலேயே கிடந்ததால் காரின் அடிச்சட்டம் அதன்மேல் தங்கியது. இல்லையென்றால் இதை எழுத ஆளில்லை. ஆனாலும் நெஞ்சு மாட்டிக்கொண்டது. மூச்சு வெளியே போனது. உள்ளே பாதிதான் வந்தது. ஸ்பிரிங் கட்டும் மெதுவாக மண்ணில் அழுந்திக்கொண்டிருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் அவரும் அவர் மனைவியும் சாமை புடைக்கிற சத்தம் கேட்டது. இரண்டு நாளாக நான் போட்ட இரைச்சலில் கார் சரிந்த சத்தமும் சேர்ந்துவிட்டது போலும். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. கூப்பிட வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா?

“டேய் நாயே… மூச்சு விட முடியலடா…” என்றேன்.

நாய் வாலை ஆட்டியது. அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது, மாட்டுக்கு.

“பாத்தியாடி, வூட்டுக்காரம்மா இல்லன்னா நாயாண்ட கொஞ்சிக்கினு கீறாரு வாத்யாரு.”

அவர் மனைவி சிரித்தார். புடைக்கிற சத்தம் மறுபடி தொடங்கியது.

கட்டு இன்னும் கொஞ்சம் இறங்கியது. கண் இருட்டியது. மனைவி மாலை பஸ்ஸில் இறங்கி, கையில் பைபிளோடு வாசலில் நிற்பது மனக்கண்ணில் தெரிந்தது. மிச்சமிருந்த காற்றையெல்லாம் சேர்த்து, “அண்ணா!” என்றேன்.

முறம் கீழே விழுந்த சத்தம் கேட்டது. அவர் முள்வேலியைச் சுற்றி வரவில்லை, அதற்குள்ளேயே புகுந்து வந்தார். குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.

“பேசாத வாத்யாரே! அசையாத! பேசாத சொல்றேன்!”

இரண்டு வருடம் பேசாமலிருந்தவனிடம் அவர் முதலில் சொன்னது அதுதான்.

கூரைக்கு எடுத்து வைத்திருந்த நீளக் கட்டையைக் கொண்டுவந்து, சட்டத்துக்கு அடியில் கொடுத்து, கல்மேல் வைத்து மறுமுனையில் உடம்பை மொத்தமாகப் போட்டு அழுத்தினார். கார் முனகிக்கொண்டு எழுந்தது. அவர் மனைவி இடைவெளியில் கல்லைத் தள்ளிவிட்டு, என் இரண்டு கக்கத்திலும் கைகொடுத்து இழுத்தார். “ஆம்பளைங்க வீம்புக்கு ஒரு உசுரு போவப் பாத்துச்சே! நாயும் மாடும் எத்தினி நாளிக்கி சேதி சொல்லும்?” என்று திட்டிக்கொண்டே இழுத்தார்.

சாயங்கால பஸ் திரும்பும்போது அதிலேயே என்னைக் கீழே கொண்டுபோனார்கள். விலா எலும்பு முறிந்திருந்தது. பஸ்ஸின் ஸ்பிரிங்குகள் என் காரினுடையதைவிட மோசம் என்பதை வளைவுக்கு வளைவு தெரிந்துகொண்டேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு குலுக்கலுக்கும் என்னை அணைத்துப் பிடித்தபடி வந்தார். வேலி முள் கிழித்த அவர் கைகளில் ரத்தம் காய்ந்திருந்தது.

“நாயாண்ட சொன்னது காதுல விழலையா?” என்று கேட்டேன்.

“வுயுந்துச்சி” என்றார். “எங்கிட்ட சொல்லலியே வாத்யாரே. உன் கொரலு ஒரு மாரிதான் இருந்துச்சி. எழுந்து வந்துட்டா நான் தோத்தவன் ஆயிடுவேனேன்னு குந்திக்கினு இருந்தேன்.” அடுத்த வளைவுக்கு முன்பே என்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். எனக்கு நெஞ்சு வலித்தது. விலா எலும்பால் மட்டும் அல்ல.

அதற்குப் பிறகும் அந்தக் கிளைக்காக எத்தனையோ தடவை சண்டை போட்டோம், நேருக்கு நேராக, ஊர் கேட்கும்படி. அவர் இப்போது இல்லை. கார் மேலே விழுந்த கனவு எனக்கு வருவதே இல்லை. அளந்து கொடுத்தாற்போலக் கொஞ்சம் மூச்சே மிஞ்சியிருந்த நேரத்தில், அதிலும் பாதியை வீம்புக்குச் செலவழித்தேனே என்ற நினைப்புதான் இன்றும் என்னைத் திடுக்கிட வைக்கிறது.